இரண்டு பக்கமும் உரிமை என்ற பேச்சு

கோவையில் கைமாறும் ஜாதகக் குறிப்புகளில் சில வருடங்களாக ஒரு வரி தவறாமல் இடம்பிடிக்கிறது: "மாப்பிள்ளை யு.எஸ். சிட்டிசன், ஓசிஐ உண்டு." படித்துப் பார்க்கும் பெண் வீட்டாருக்குச் சந்தேகம் வந்தால் தரகரே தீர்த்துவைக்கிறார்: "ரெண்டு பக்கமும் உரிமை இருக்குதுங்க. அங்கயும் சிட்டிசன், இங்கயும் சிட்டிசன்." பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு, ஆர்.எஸ்.புரத்தில் வீடு, டெக்சாஸில் வேலை என்று எல்லாம் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டதாகப் பேச்சு முடிகிறது.

தரகர் சொல்வதை விடலாம். நன்கு படித்த பொறியாளர்களும் மில் முதலாளிகளும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று எந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினாலும் ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை எடுத்துவிட்டால் இந்தியக் குடியுரிமை போகாது, வாக்குரிமை ஒன்று மட்டும்தான் இல்லை, அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பது கொங்கு நாட்டு நடுத்தர வீடுகளில் இன்று கேள்வியே கேட்கப்படாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் பாகப்பிரிவினை செய்கிறார்கள், பேரப்பிள்ளைகளின் படிப்பைத் திட்டமிடுகிறார்கள், வயதான காலத்தில் ஊர் திரும்புவதைப் பற்றிப் பேசுகிறார்கள். நம்பிக்கை அடியோடு தவறு என்பதால் இந்த மூன்று முடிவுகளும் தவறிப்போகின்றன.

சட்டத்தில் குழப்பம் ஏதுமில்லை. வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்றவர் இந்தியக் குடிமகனாக இருக்க மாட்டார் என்கிறது அரசியல் சாசனத்தின் 9ஆம் பிரிவு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் அதையே விரித்துச் சொல்கிறது. யாரும் விண்ணப்பம் போட வேண்டாம், யாரும் ரத்து செய்யவும் வேண்டாம். ஹூஸ்டனில் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்து முடித்த நிமிடத்தில் இந்தியக் குடியுரிமை தானாகவே முடிந்துவிடுகிறது. பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருடம் பாக்கி இருக்கிறது என்பதெல்லாம் பேச்சுக்குதவாது. அதை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். குடியுரிமை மாறிய பிறகும் அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்திருந்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் அபராதம்.

குழப்பத்தை உண்டாக்கியதில் அரசுக்கும் பங்குண்டு. எல்.எம். சிங்வி தலைமையிலான குழு 2002 ஜனவரியில் இரட்டைக் குடியுரிமையைப் பரிந்துரைத்தது. 2003 ஜனவரி 9ஆம் தேதி, முதல் வெளிநாடுவாழ் இந்தியர் தின விழாவில் பிரதமர் வாஜ்பாய் சில நாடுகளில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இரட்டைக் குடியுரிமை தரப்போவதாக அறிவித்தார். நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் ஓசிஐ என்ற பெயரில் சட்டமாகி வந்தபோது உள்ளே இருந்தது வேறு. வாக்கில்லை, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலையில் சம வாய்ப்பு கேட்க முடியாது, நீதிபதியாக முடியாது. சாசனத்தின் 9ஆம் பிரிவில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. 2006 ஜனவரியில் ஹைதராபாத்தில் மன்மோகன் சிங் முதல் அட்டைகளை வழங்கினார். 2015இல் சட்டத்தைத் திருத்தி, ஓசிஐ என்ற பெயரையும் 'ஓசிஐ அட்டைதாரர்' என்று இறக்கி எழுதிவிட்டார்கள். இருபது வருடம் ஆகியும் நம் வீடுகளில் நினைவிருப்பது வாஜ்பாய் அறிவிப்பின் தலைப்புச் செய்தி மட்டும்தான்.

அட்டை என்னதான் தருகிறது? ஆயுள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்துபோக விசா. எவ்வளவு காலம் தங்கினாலும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டாம். உள்நாட்டு விமானக் கட்டணம் இந்தியருக்கு உள்ளபடி. மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர், ஆடிட்டர், கட்டட வடிவமைப்பாளர் போன்ற சில தொழில்களைச் செய்யலாம். நல்ல வசதிகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பு இந்த அட்டையோடு வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் 'யு விசா' என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்தார்கள். சொந்தக் குடிமகனுக்கு எந்த நாடும் விசா ஒட்டுவதில்லை.

இனி நிலத்துக்கு வருகிறேன். கொங்கு நாட்டில் நிலத்தை விட்டுவிட்டு எதைப் பேசியும் பயனில்லை.

ஓசிஐ அட்டைதாரர் வீடு வாங்கலாம், அபார்ட்மென்ட் வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் தேயிலை, காப்பித் தோட்டமும் வாங்க முடியாது. 2021 மார்ச் 4ஆம் தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்ட விதிகளும் அப்படியே. "நாங்க எதுக்குங்க வாங்கணும், அப்பாரு தோட்டமே இருக்குதே" என்பார்கள். அங்கேதான் சிக்கல். நம் ஊரில் சொத்து கைமாறும் வழக்கம் பெரும்பாலும் செட்டில்மென்ட் பத்திரம். அப்பா உயிரோடு இருக்கும்போதே, பங்காளிகளுக்குள் மனக்கசப்பு வராமல் இருக்க, கிழக்குக் காடு பெரியவனுக்கு, கிணற்றடித் தோட்டம் சின்னவனுக்கு என்று எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவார். சின்னவன் சான் ஹோசேயில் இருந்தால் பவர் கொடுத்து வேலை முடியும். ஆனால் எழுதிக் கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே, ஆயுள்கால உரிமை எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கைமாற்றும் செட்டில்மென்ட் தானத்துக்குச் சமம் என்பது ரிசர்வ் வங்கியின் விளக்கம். விவசாய நிலத்தைத் தானமாகப் பெற ஓசிஐ அட்டைதாரருக்கு அனுமதி இல்லை. வாரிசுரிமையிலோ உயில் மூலமோ வரலாம், தடையில்லை. அதாவது அதே கிணற்றடித் தோட்டம், அதே அப்பா, அதே மகன். உயிலில் வந்தால் செல்லும், செட்டில்மென்ட்டில் வந்தால் சட்டமீறல்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் சிரமமில்லாமல் பதிவாகிவிடும். பட்டா மாறும், சிட்டாவில் பெயர் ஏறும். விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைப்பது இதனால்தான். பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் மூலப் பத்திரத்தைப் புரட்டி, எழுதிய தேதியில் மகன் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பார். விற்ற பணத்தை வெளியே அனுப்பப் போனால் வங்கி கேட்கும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறினால் தொடர்புடைய தொகையின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க வழியுண்டு. ஏக்கர் கோடிகளில் விலைபோகும் இடத்தில் மூன்று மடங்கு என்றால் என்ன என்று பொள்ளாச்சிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவரும் விவசாய நிலம் வாங்க முடியாதே, இதில் குடியுரிமைக்கு என்ன வேலை? உண்மைதான், வெளிநாட்டில் வசிக்கும்வரை இருவருக்கும் ஒரே தடை. வித்தியாசம் ஊர் திரும்பும்போது தெரியும். இந்தியக் குடிமகன் பெட்டி படுக்கையோடு வந்து இங்கே குடியிருக்கத் தொடங்கினால் தடை நீங்கிவிடும், ஆனைமலையில் தோப்பு வாங்கலாம், கோபியில் வயல் வாங்கலாம். ஓசிஐ அட்டைதாரருக்கோ அட்டையின் நிபந்தனையிலேயே அந்தத் தடை எழுதியிருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் திரும்பி வந்து பண்ணையம் பார்ப்பதுதான் சியாட்டிலில் இருக்கும் பாதிப் பேரின் கனவு. அந்தக் கனவுக்கும் அவர்கள் கையிலிருக்கும் அட்டைக்கும் ஒத்துப்போகாது என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்தது பிள்ளைகள். எனக்கு அதிகக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இந்த முடிவை எடுப்பவர்கள் பெற்றோர், விலை கொடுப்பது பிள்ளைகள்.

எச்1பி விசாவில் இருக்கும் கோவைத் தம்பதிக்கு நியூ ஜெர்சியில் குழந்தை பிறக்கிறது. பிறப்பாலே அமெரிக்கக் குடியுரிமை. ஓசிஐ எடுக்கிறார்கள். குழந்தை நான்காம் வகுப்பு வரும்போது தாத்தா பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பி சரவணம்பட்டியில் குடியேறுகிறார்கள். அந்தப் பிள்ளை இங்கேயே வளர்கிறது, இங்கேயே படிக்கிறது, நீட் தேர்வும் எழுதுகிறது. மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் 2021 மார்ச் 4ஆம் தேதி அறிவிக்கையின்படி ஓசிஐ மாணவர்கள் என்.ஆர்.ஐ. இடங்களுக்கோ கூடுதலாக உருவாக்கப்படும் இடங்களுக்கோ மட்டுமே போட்டியிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி இடம் கிடையாது. உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தலையிட்டு, அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்றது. அதற்குப் பிறகு அட்டை வாங்கியவர்களுக்கு அந்த நிவாரணம் இல்லை. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்விலும் அதே தேதிதான் கோடு. பிறகு அட்டை வாங்கியவர் வெளிநாட்டு மாணவர். முன்பே வாங்கியவர் இந்தியரைப் போலப் போட்டியிடலாம், ஆனால் பொதுப் பிரிவில் மட்டும். பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

சட்டத்தில் ஒரு சின்ன சன்னல் உண்டு. அதை யாரும் பேசக் காணோம். குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த குழந்தையை, அதற்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று உறுதி கொடுத்து, ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தால் அது இந்தியக் குடிமகன். பிறந்த நாட்டின் குடியுரிமையும் அதற்கு இருந்தால் பதினெட்டு வயது முடிந்து ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமை என்று நம் சட்டத்தில் ஏதாவது இருக்கிறது என்றால் அது இந்தப் பதினெட்டரை வருடம்தான். நடைமுறையில் இதுவும் கடினம். அமெரிக்கா தன் குடிமக்கள் தன் பாஸ்போர்ட்டில்தான் வந்துபோக வேண்டும் என்கிறது, அந்தப் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தப் பதிவுக்கான உறுதி பொய்யாகிவிடும். குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் மொட்டையடித்துக் காது குத்த ஊருக்குக் கூட்டிவரும் அவசரத்தில் எல்லோரும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் ஓசிஐயும் எடுத்துவிடுகிறார்கள். அது ஒரு தேர்வு என்பதே அப்போது அவர்களுக்குத் தெரிவதில்லை.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் காட்டுவேன். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனது. பெற்றோர் 1998 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார்கள். மகன் 1999 மார்ச்சில் அங்கே பிறந்தார். வளர்ந்த பின் இந்தியக் குடியுரிமையை மீட்டுக்கொள்ள விரும்பி விண்ணப்பித்தார். பெற்றோர் குடியுரிமையைத் துறந்திருந்தால், பதினெட்டு வயதானதும் ஒரு வருடத்துக்குள் பிள்ளை அதை மீட்டுக்கொள்ளலாம் என்று 8ஆம் பிரிவில் வழி இருக்கிறது. உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெற்றோர் 8ஆம் பிரிவில் துறக்கவில்லை, வேறு நாட்டுக் குடியுரிமை ஏற்றதால் 9ஆம் பிரிவில் அது தானாகப் போனது, ஆகவே 8ஆம் பிரிவின் சலுகை மகனுக்குக் கிடையாது என்பது தீர்ப்பு. தாய் வயிற்றில் இருந்தபோது பெற்றோர் எடுத்த முடிவுக்கு, அவர் இருபத்தைந்தாவது வயதில் உச்ச நீதிமன்றத்தில் பதில் கேட்டுக்கொண்டார். வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. ஐந்து வருடம் ஓசிஐ பதிவில் இருந்தவர், இங்கே ஒரு வருடம் குடியிருந்து, மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடிமகனாகப் பதிய விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கு வயது வந்திருக்க வேண்டும். நீட் தேர்வு அதுவரை காத்திருக்காது.

அட்டை நிரந்தரமாவது உண்டா? அதுவும் இல்லை. பிறப்பால் இந்தியனாக இருப்பவனின் குடியுரிமையை அரசு பிடுங்க முடியாது. ஓசிஐயை ரத்து செய்யக் குடியுரிமைச் சட்டத்தில் 7டி பிரிவே இருக்கிறது. எழுத்தாளர் ஆதிஷ் தசீரின் அட்டை 2019இல் ரத்தானது. கன்னட நடிகர் சேத்தனின் அட்டை 2023இல் ரத்து செய்யப்பட்டு, அவர் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார். 2025 ஆகஸ்ட்டில் வந்த அறிவிக்கையின்படி இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றாலும், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலும் அட்டை போகலாம். குற்றப்பத்திரிகை என்பது தீர்ப்பு இல்லை. பங்காளித் தகராறு கிரிமினல் வழக்காகும் ஊரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

"யாருக்குங்க தெரியப்போவுது" என்று ஒரு கட்சி உண்டு. பழைய பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துக்கொண்டு, வாக்காளர் பட்டியலில் பெயரையும் விட்டுவைத்து, லீவில் வரும்போது ஓட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக வாக்குச்சாவடி நிலை அலுவலர் கணக்கீட்டுப் படிவத்தோடு வந்தபோது, வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட மகனுக்காக அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வீடுகள் இருக்கின்றன. பெயர் போனால் சொத்தில் பிரச்சினை வரும் என்று பயம். வாக்காளர் பட்டியலில் பொய் உறுதி கொடுப்பது ஒரு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். மகன் செய்த மாற்றத்துக்கு அறுபத்தெட்டு வயது அப்பா குற்றவாளியாக வேண்டுமா? இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஷார்ஜாவில் பனியன் கம்பெனிக் கணக்கு எழுதும் பல்லடத்துக்காரர் 6ஏ படிவம் கொடுத்து, முறையாக வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்து, நேரில் வந்து ஓட்டுப் போடலாம். வளைகுடா நாடுகள் அவருக்கு எத்தனை வருடம் ஆனாலும் குடியுரிமை தராததால், அவர் இங்கே எதையும் இழக்கவில்லை.

அப்படியானால் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்காதே என்கிறேனா? இல்லை. அதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. கிரீன் கார்டு வைத்துக்கொண்டு அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காகக் கோவையில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கினால் கார்டுக்கே ஆபத்து. கனடாவில் ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும். குடியுரிமை எடுத்தால் இந்தக் கவலை இல்லை. 2024இல் மட்டும் 2,06,378 பேர் இந்தியக் குடியுரிமையை விட்டிருக்கிறார்கள் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அவர்களைத் துரோகிகள் என்று திட்டும் கூட்டத்தோடு எனக்கு எந்த உறவும் இல்லை. என் சண்டை, எதையும் விடவில்லை என்று அவர்கள் நம்புவதோடு மட்டும்தான். வேலை செய்யவும் படிக்கவும் நிரந்தர வசிப்புரிமையே போதும், குடியுரிமை தேவையில்லை. எடுக்கிறோம் என்றால் எதற்காக எடுக்கிறோம், எதைக் கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். கணக்கில் அமெரிக்க வரியையும் சேர்க்க வேண்டும். அமெரிக்கா தன் குடிமகன் உலகில் எங்கே வாழ்ந்தாலும் வருமானக் கணக்குக் கேட்கும் நாடு. திரும்பி வந்து உடுமலையில் உட்கார்ந்து தேங்காய் விற்றாலும் வருடாவருடம் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து 10,000 டாலர் தாண்டினால் தனி அறிக்கை.

"உலகமே தருகிறது, இந்தியா ஏன் தரவில்லை" என்பது கடைசி வாதம். ஜெர்மனி 2024இல் தடையை எடுத்துவிட்டது, உண்மை. சிங்கப்பூரும் மலேசியாவும் இன்றும் தருவதில்லை, அதுவும் உண்மை. இலங்கை தருகிறது. ஆனால் இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்தில் உட்காரலாமா என்பதில் 2015இல் தடை, 2020இல் அனுமதி, 2022இல் மறுபடி தடை என்று அங்கே மூன்று முறை சாசனத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இந்தியாவிலும் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. கேட்கட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கேட்க வேண்டுமென்றால் அது இன்று தன்னிடம் இல்லை என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் இருப்பதாக நம்புகிறவன் எதற்குக் கோரிக்கை வைக்கப்போகிறான்? இருபது வருடமாக அந்தக் கோரிக்கை சூடு பிடிக்காததற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சிறுவாணி ரோட்டில் பூலுவப்பட்டியிலும், ஈரோடு மாவட்டம் பவானிசாகரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அந்த முகாம்களிலேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், கல்யாணமும் செய்துகொண்டவர்கள் இந்தியக் குடியுரிமைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் குடிமகனாக இல்லாவிட்டால் என்னென்ன கிடைக்காது என்று நம் வக்கீல்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மகனோ மகளோ உறுதிமொழிக்குத் தேதி வாங்கிவிட்டதாகப் போன் வந்தால், வாழ்த்துச் சொல்லுங்கள். கூடவே மூன்று விஷயம் கேளுங்கள்: தோட்டம் செட்டில்மென்ட்டா உயிலா, பேரப்பிள்ளை எந்த நாட்டில் கல்லூரி போகப்போகிறது, ஐம்பத்தைந்து வயதில் திரும்பி வந்து பண்ணையம் பார்க்கிற எண்ணம் உண்டா. பதில் தெரியாவிட்டால் உறுதிமொழியை இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அந்த நாடு எங்கும் ஓடிவிடாது. செட்டில்மென்ட் ஏற்கெனவே எழுதிவிட்டவர்கள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்நியச் செலாவணிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை இந்த மாதமே பாருங்கள்.